தள்ளுபடிக்கு முன் ஒரு தபால்

ஐயா, ஆண்டுக்கணக்கில் நடத்தப்படாமல் கிடக்கும் சிவில் வழக்குகளை நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்துவருவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். வாய்தா மேல் வாய்தா வாங்கியே எதிராளியை அலையவிடுபவர்களுக்கு இது வேண்டியதுதான். ஆனால், கூப்பிட்டபோது ஆஜராகாத எல்லோரும் அக்கறையற்றவர்கள் அல்லர். பொதுப்பாதை தொடர்பாக என் தந்தை தொடுத்த வழக்கில், இடையில் வக்கீல் காலமாகிவிட்டார். எங்களுக்குத் தகவல் இல்லை. எதிர்த்தரப்பார் பாதையில் கடைக்கால் தோண்டியபோதுதான், வழக்கு தள்ளுபடியாகி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது தெரிந்தது.

பிரதிவாதி ஆஜராகி, வாதி வராமல் தள்ளுபடியான வழக்கை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-வது கட்டளைப்படி அதே வழக்குமூலத்தில், அதாவது வழக்குக்கு அடிப்படையான அதே காரணத்துக்காக, புதிதாகத் தொடுக்க முடியாது. மீட்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு. அப்புறம் அதற்கும் வாய்தா. தள்ளுபடியானதே தெரியாதவர் 30 நாளை எங்கிருந்து எண்ணுவார்? தள்ளுபடிக்கு முந்தைய வாய்தாவிலேயே, வாதியின் முகவரிக்கு ஒரு பதிவுத் தபாலும் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும் நீதிமன்றமே அனுப்பலாம். தபால் செலவை வேண்டுமானால் வாதியிடமே வசூலித்துக்கொள்ளட்டும்.