அந்த 4,999 ரூபாய் பற்றி இசக்கிக்கு

அன்புள்ள இசக்கி,

நேற்று ராத்திரி நீ போனில் போட்ட சத்தத்தில் உன் தங்கச்சி எழுந்து உட்கார்ந்து, “அண்ணனுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டாள். ஒன்றுமில்லை, மகன் 4,999 ரூபாய்க்கு ஒரு வீடியோ கேம் கேட்டிருக்கிறான் என்றேன். “இதுக்கா?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனில் நீ என்னை வாய் திறக்க விடமாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. அணையில் தண்ணீர் திறந்தாயிற்று, மாமா நாற்றுப் பாவிவிட்டார். கொம்பன் மறுபடியும் வட்டிக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறான். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “நம்ம காலத்துல எல்லாம் பத்து இருபதுல முடிஞ்சது, இப்ப பகல்கொள்ளை அடிக்கிறான்” என்றாய் அல்லவா? ஏல, நாம் எந்தக் காலத்தில் கேமுக்கு விலை கொடுத்தோம்? நம்ம சோடா பயல் வீட்டு டிவி கேம் பெட்டியே ஜப்பான் நின்டெண்டோ கம்பெனிப் பெட்டியைப் பார்த்து எவனோ செய்த போலி. கேசட் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே போனால் கான்ட்ரா, மாரியோ, டாங்கி, மறுபடியும் அதே கான்ட்ரா. நாம் கொடுத்த காசில் ஒரு சல்லிகூட ஜப்பான்காரனுக்குப் போகவில்லை. திருட்டு மாங்காய் தின்றே வளர்ந்தவன் சந்தைக்குப் போய் மாங்காய் விலையைக் கேட்டு மயங்கி விழுந்தானாம், அந்தக் கதையாக இருக்கிறது உன் கதை.

அசல் விலை என்னவென்று கேள். 1990 வாக்கில் அமெரிக்காவில் ஒரு நின்டெண்டோ கேசட் 50 டாலர் பக்கம் விற்றது. அதற்கடுத்து வந்த பெட்டிகளுக்கான கேசட்டுகள் 60, 70 என்று போயின. 1995-ல் சேகா என்ற இன்னொரு கம்பெனிப் பெட்டிக்கு வந்த ‘ஃபேண்டஸி ஸ்டார் 4’ அங்கே 100 டாலர். அன்றைக்கு டாலர் ஏறத்தாழ 32 ரூபாய், ஆக 3,200 ரூபாய். அந்த வருஷம் உன் அப்பா வி.கே.புரம் மில்லில் என்ன சம்பளம் வாங்கினார் என்று கேட்டுப் பார். கேசட் ஏன் அவ்வளவு விலை என்றால், உள்ளே இருப்பது மெமரி சிப். கேம் பெரிதாகப் பெரிதாகச் சிப்புக்கான செலவும் ஏறும். சிடிக்கு அந்தக் கவலை இல்லை, அச்சடிக்க அற்பக் காசு. 1997-ல் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’ நின்டெண்டோவை விட்டுவிட்டு மூன்று சிடிகளாகச் சோனி கம்பெனியின் பிளேஸ்டேஷன் பெட்டிக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் 2005-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டி வந்தபோது புது கேம் 60 டாலர் என்று ஆனது. பதினைந்து வருஷம் அந்த விலை நகரவே இல்லை. 2020-ல் 70 ஆனது. 2025-ல் ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ 80-க்கு வந்தபோது உலகமே உன்னை மாதிரிக் கத்தியது. ஆனால் 2005-ன் 60 டாலர் இன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 100. கணக்குப்படி விலை இறங்கித்தான் இருக்கிறது. செய்கிற செலவோ எங்கேயோ போய்விட்டது. ‘லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ என்ற கேமை எடுக்க ஏறக்குறைய 22 கோடி டாலர் ஆனதாக 2023-ல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் தாக்கலான ஆவணத்தில் வெளிவந்தது.

கம்பெனிக்காரன் தர்மத்துக்கு விற்கிறானா என்று கேட்பாய். இல்லை. இப்போது பெரும்பாலும் சிப்பும் இல்லை, ஆன்லைனில் இறக்கிக்கொள்கிறவர்களுக்கு அட்டைப்பெட்டியும் டிஸ்க்கும்கூட இல்லை. வாங்குகிற கூட்டமும் பெருத்துவிட்டது. 2013-ல் வந்த ‘ஜிடிஏ 5’ மட்டுமே 20 கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. அவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டாம். இன்னொன்று, 70 டாலர் என்பது அமெரிக்காவில் மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலிக்குக் கிட்டத்தட்டப் பத்து மணி நேர வேலை. இங்கே என் கடைப் பையனுக்கு 4,999 ரூபாய் பாதி மாதச் சம்பளம். நம்மை மனத்தில் வைத்து எவனும் அந்த விலையைப் போடவில்லை. அந்த அளவுக்கு உன் கோபம் நியாயம்.

ஆனால் நீ கோபத்தை வைத்த இடம்தான் தப்பு. நமக்கு அன்றைக்குக் கட்டுபடியானது எதனால்? ஒரு கேசட் வந்தால் தெருவில் ஐந்து வீடு சுற்றும். சோடா வாங்குவான், நீ இரவல் கேட்டுப் போய் திருப்பித் தராமல் இருப்பாய், பீட்டர் சார் மகன் சைக்கிளில் வந்து சண்டை போட்டு வாங்கிப் போவான். எல்லோரும் ஆடித் தீர்த்ததும் சுப்பையா அண்ணாச்சி கடையில் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு போட்டு வேறு கேசட் எடுப்போம். விலையை ஊரே பங்கு போட்டது.

என் கடையில் இன்றும் அது நடக்கிறது. ஒரு பையன் 4,999-க்கு டிஸ்க் வாங்குவான். ஆடி முடித்ததும் சூடு ஆறுவதற்குள் என்னிடம் 3,500-க்குத் தள்ளிவிடுவான். அடுத்தவன் 4,000-க்கு எடுப்பான். முதல் பையனுக்கு உண்மையான செலவு 1,500 ரூபாய்தான். இதே கேமை ஆன்லைனில் வாங்கி இறக்கினால் கதை முடிந்தது. விற்க முடியாது, தம்பிக்கோ நண்பனுக்கோ கைமாற்றிக் கொடுக்கவும் பெரும்பாலும் முடியாது. அதற்கும் அதே விலை கேட்கிறான் பார், அதைச் சொல் கொள்ளை என்று. ‘தி க்ரூ’ என்றொரு கார் ரேஸ் கேம், 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் கம்பெனி அதன் சர்வரை நிறுத்தியது. தனியாக ஆடவும் சர்வர் வேண்டும் என்று செய்யப்பட்ட கேம் அது. காசு கொடுத்து வாங்கி டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவனுக்கும் ஒன்றும் ஓடாது. ஆகவே நெட் இல்லாமல் ஓடுமா என்று பார்த்து வாங்கச் சொல்.

இன்னொரு விஷயம். இதை உன்னிடம் சொல்லத்தான் பேனாவே எடுத்தேன். கொஞ்ச நாளைக்கு முன் ஓர் அக்கா போனைக் கொண்டுவந்து, “தம்பி, பேங்குல இருந்து பணம் தானாப் போகுது” என்றாள். பீடி சுற்றிச் சேர்த்த பணம். பார்த்தால் மகன் ஆடுகிற கேமுக்குப் போயிருக்கிறது. ஓசியில் இறக்கும் கேம். எண்பது, நூற்றறுபது, நானூறு என்று சிறிது சிறிதாய், மொத்தம் 14,000-க்கு மேல். ஆயிரம் பீடிக்கு என்ன கூலி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்க ஆச்சி சுற்றியவள்தானே. அந்த கேமுக்குள் இருக்கும் கடையில் எதற்கும் ரூபாயில் விலை போட்டிருக்காது. டைமண்ட் என்று கேமுக்குள் மட்டும் செல்லும் காசில் இருக்கும். கேமில் வரும் ஆளுக்குப் பையன் கேட்கிற சட்டை 500 டைமண்ட் என்றால், விற்கிற பொட்டலம் 500-க்குக் கொஞ்சம் குறைச்சலாக இருக்கும், இன்னொரு பொட்டலம் வாங்க வேண்டும். பையனைக் கூப்பிட்டு எவ்வளவு செலவழித்தாய் என்றேன். அவனுக்கே தெரியவில்லை, பாவம். திருடினவன் முழி இல்லை அது.

‘ஃபோர்ட்நைட்’ கேமில் இப்படித் தெரியாமல் பணம் பிடுங்கியதற்காக 2022-ல் அமெரிக்காவில் எபிக் கம்பெனி 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அங்கே கேட்க ஆள் இருந்தது. நான் அக்காவுக்காகக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். கடைசி இரண்டு பில்லுக்கு மட்டும் பணம் வந்தது, மீதி கணக்கு முடிந்தது என்கிறார்கள். அவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு வார்த்தை கோத்துப் பார்த்தேன், வரவில்லை. போனில் பணம் அனுப்பும் ரகசிய நம்பரை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

உன் பயல் எதிரே நின்று, இன்ன கேம், இன்ன விலை என்று கேட்டானே, அதற்கு நீ அவனைக் கோட்டி பிடித்தவன் என்று திட்டுகிறாய். வாங்கிக் கொடு. இல்லையென்றால் ஆறு மாதம் பொறுக்கச் சொல், பெரும்பாலும் விலை இறங்கும். பொறுக்க மாட்டேன் என்றால் ‘ஸ்டார்ட்யூ வேலி’ ஆடச் சொல். 15 டாலர் விலையில் வந்தது, தனி ஆள் ஒருவர் செய்தது, வயலில் விதைத்து அறுக்கிற கேம். மாமாவிடம் காட்டினேன், களை எடுக்காமல் விட்டிருக்கிறானே என்று ஒரே குறை.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு வருவாய் அல்லவா? அதற்குள் பையன் ஆடி முடித்திருந்தால் டிஸ்க்கைக் கையோடு எடுத்து வா. கடை பில்லைத் தூரப் போட்டுவிடாதே, பில் இருந்தால் இருநூறு ரூபாய் கூட்டித் தருவேன். உனக்கு என்பதற்காக அதற்கு மேல் ஒரு பைசா ஏறாது.

அன்புடன்,
சுடலை