ரிப்பன் கொண்டுவந்த அண்ணனுக்கு

தூத்துக்குடி, 28-12-2023

எங்கள் ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்த அந்த மழையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நேற்றுதான் வீட்டுக்குள் இருந்த கடைசிச் சேற்றையும் வாரிப் போட்டோம். கை இன்னும் வலிக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

படகைத் தெருவுக்குள் ஓட்டி வந்து எங்கள் அத்தையைத் தூக்கிப்போன மீனவத் தம்பிகள், பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகச் சமைத்துக் கொடுத்தவர்கள், கரண்டு வரும்வரை வீட்டுக்குப் போகாத மின்வாரிய ஊழியர்கள், வெளியூர்களிலிருந்து வந்து எங்கள் தெருக் குப்பையை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், உங்கள் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.

அப்புறம், மதுரையிலிருந்து தண்ணீர் கேன் ஏற்றி வந்த லோடு வண்டி டிரைவர் அண்ணன். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. கேனை இறக்கிக்கொண்டே என் மகளிடம், "பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பிஸ்கட் கேட்பாள் என்று நினைத்தேன். "ரிப்பன்" என்றாள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவில் நாங்கள் ரிப்பன் வளையம் செய்து மாட்டுவோம். அந்தப் பெட்டி வெள்ளத்தோடு போய்விட்டது. எனக்கு உடம்பே கூசிவிட்டது, சோறு தண்ணீர் கொண்டு வருபவரிடம் இதைப் போய்க் கேட்கிறாளே என்று. அவர் சிரிக்கவில்லை. "எத்தனை முழம்?" என்றார். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

23ஆம் தேதி மறுபடி வந்தார். சட்டைப் பையில் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மூன்று சுருள். பிள்ளைகள் ரெட்டைச் சடைக்குக் கட்டுகிற ரிப்பன்தான். அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

வீணாய்ப்போன டேபிள் ஃபேனின் கூண்டிலிருந்து வெளிக்கம்பி வளையத்தைக் கழற்றிக் கழுவினோம். ரிப்பனைச் சாண் சாணாக வெட்டினேன். மெழுகுவத்தி ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு துண்டின் முனையையும் சுடரில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. அவள் அதை இரண்டாக மடித்து, கம்பிக்கு அடியில் நுழைத்து, வால் இரண்டையும் கண்ணிக்குள் விட்டு இழுப்பாள். கம்பி தெரியாதபடி நெருக்கி நெருக்கிக் கட்டினாள். அத்தைக்கு முதலில் மனசே இல்லை. "வளையம் வைக்கிற வீடா இது?" என்றார்கள். இந்த வாரம் எத்தனை வீட்டுச் சாவு கேட்டாயிற்று, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாதி வளையம் நிறைந்ததும் அவர்களே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கடைசித் துண்டைக் கட்டிவிட்டார்கள்.

ஊறிப்போன கதவு இன்னும் சாத்த வரவில்லை. சுவரில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே வளையம் தொங்குகிறது. நடுராத்திரிப் பூசை முடிந்து வந்தபோது அதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதேன். பத்து நாளில் அன்றுதான் அழுகை வந்தது.

இனி எந்த ஊரில் வெள்ளம் என்றாலும், நான் அனுப்பும் பையில் அரிசியோடு ஒரு சுருள் ரிப்பனும் இருக்கும்.

அந்த அண்ணனைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். வெள்ளை ரிப்பன் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் அதைத்தான் சடையில் கட்டிக்கொண்டு போவேன் என்று எடுத்து வைத்திருக்கிறாள்.