பணம் வந்துவிட்டது, பெயர் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை வெள்ளமோ, ஒரு குழந்தையின் ஆபரேஷன் செலவோ, உதவி கேட்டு நீங்கள் வெளியிடும் செய்திகளின் கீழே இப்போதெல்லாம் வங்கிக் கணக்கு எண்ணோடு கியூஆர் கோடும் வருகிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி சேருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நன்கொடைப் பிரிவில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிற பணத்துக்கு ரசீது போட வேண்டும், கொடுத்தவர் விவரத்தைப் பதிந்து வைக்க வேண்டும், அவர் சொன்ன நாளில் சொன்னபடி சாப்பாடு போட்டார்களா என்று பார்த்து அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். நான் சேர்ந்த புதிதில் பாதிப் பணம் மணியார்டரில் வரும். போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடியில் இருக்கும் கூப்பனைக் கிழித்துக் கொடுப்பார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதற்குள் யாருடைய திதி, எந்த ஊர், என்ன சமைக்க வேண்டும், பாட்டிமாரைக் கேட்டதாகச் சொல்லவும் என்பது வரை நுணுக்கி எழுதியிருப்பார்கள். அந்தக் கூப்பன்களை அட்டையில் ஒட்டி வைப்போம். இன்றைக்கும் அலமாரியில் இருக்கின்றன.

இப்போது பணம் ஜிபேயில் வருகிறது. சௌகரியம்தான், நான் குறை சொல்லவில்லை. வெளியூரில் இருப்பவர் நினைத்த நிமிடத்தில் அனுப்ப முடிகிறது. ஆனால் எங்கள் வங்கி ஸ்டேட்மென்டில் வருவது 12 இலக்க எண் ஒன்றும், அனுப்பியவர் பெயரின் முதல் ஏழெட்டு ஆங்கில எழுத்துகளும்தான். 'முத்துகும்' என்று பாதியில் நிற்கும். அவர் முத்துக்குமாரா, முத்துக்குமரனா, முத்துக்குமாரசாமியா? எங்கள் பதிவேட்டில் மூன்று பேருமே இருக்கிறார்கள். "குறிப்பு எழுதும் இடத்தில் எழுதினேனே" என்பார்கள். அது எங்களுக்குப் பாதி வெட்டுப்பட்டு வரும், பல நேரம் வருவதே இல்லை. தொகை 501, 1,001 என்று ஒற்றை ரூபாயோடு முடிந்தால் ஏதோ விசேஷத்துக்கு என்று மட்டும் தெரிந்துகொள்வேன். யாருக்கு, என்னைக்கு என்று தெரியாது. அப்படிப்பட்ட வரவையெல்லாம் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம்.

திதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் நன்கொடையாளர் பதிவுக்கு என்று போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரில் தேதிக்கு இடம் உண்டு, திதிக்கு இடம் இல்லை. 'ஐப்பசி தேய்பிறை பஞ்சமி' என்பது வருடா வருடம் வேறு வேறு தேதியில் வரும். அதற்காகத் தனி நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பங்குனியில் புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் அந்த வருடத்துத் தேதியைக் குறித்து, சமையல்கட்டுக்கு மாதவாரியாக ஒரு பட்டியல் கொடுத்துவிடுவேன்.

அந்த நோட்டில் திண்டுக்கல் பெரியவர் ஒருவர் உண்டு. மனைவி திதிக்கு ஐப்பசியில் 301 ரூபாய் மணியார்டர் அனுப்புவார். "பாயசம் போடவும், அவளுக்குப் பிடிக்கும்" என்று கூப்பனில் எழுதியிருப்பார். வருடம் தவறியதே இல்லை. திடீரென்று ஒரு வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. வயதானவர், என்ன ஆயிற்றோ என்று அட்டையில் பென்சிலால் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு, சமையல் பட்டியலிலிருந்து அந்த நாளை எடுத்துவிட்டேன். மூன்றாம் வருடம் அவரே போன் செய்தார். "போன தடவை பாயசம் போட்டீங்களாம்மா? லெட்டர் வரலையே" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் ஐயா என்று வைத்துவிட்டு சஸ்பென்ஸ் கணக்கைப் புரட்டினேன். இரண்டு வருடமும் 301 ரூபாய் வந்திருக்கிறது, பேரன் பெயரில், ஜிபேயில். பேரன் தாத்தாவுக்காக அக்கறையாக அனுப்பியிருக்கிறான். எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. விசாரிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்த வாரமே பாயசம் வைத்தோம், பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. போன இரண்டு திதி போனதுதான்.

வரி விஷயத்திலும் இதே கதை. நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி கழிவுக்கு வெறும் ரசீது போதும் என்று பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021-22 நிதியாண்டிலிருந்து ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் எண் எல்லாம் சேர்த்து 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித் துறையிடம் நாங்கள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதற்குப் பிறகுதான் உங்கள் பெயருக்கு 10பிஇ என்கிற நன்கொடைச் சான்றிதழ் எடுத்துத் தர முடியும். ஜூலையில் கணக்கு தாக்கல் செய்யும் நேரம் வந்ததும் போன் ஓயாது. "நான் அனுப்பினேன், சான்றிதழ் எங்கே?" திருத்தி மறுபடி தாக்கல் செய்ய வழி உண்டு. ஆனால் எந்த வரவு அவருடையது என்று தெரிந்தால்தானே? பெயரும் பான் அட்டையில் உள்ளபடி வேண்டும். நம் ஊரில் ஆர். முத்துக்குமார் என்று இன்ஷியலோடு சொல்வார், அட்டையில் அப்பா பெயர் முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கு 80ஜி கழிவு கிடையாது, அதையும் நினைவில் வையுங்கள்.

புதிய வரிமுறைக்கு மாறிவிட்டேன், கழிவே கிடையாது, எனக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களும் உண்டு. சரி, பான் வேண்டாம். பெயரும் முகவரியுமாவது கொடுங்கள். பெயர் தெரியாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு இல்லம் 30 சதவீதம் வரி கட்ட வேண்டும். நீங்கள் சாப்பாட்டுக்கு என்று கொடுத்த காசு அது.

அதனால், ஐயா, அடுத்த முறை கியூஆர் கோடு வெளியிடும்போது, 'பணம் அனுப்பியதும் உங்கள் பெயர், முகவரி, பான் எண், என்ன காரியத்துக்காக என்பதை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள்' என்று அச்சிடுங்கள். அந்த எண்ணை ஒவ்வொரு அமைப்பிடமும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தாத்தா பாட்டிக்காகப் பணம் அனுப்பும் பிள்ளைகளும், யாருக்காக அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரி தட்டிவிடுங்கள்.

போன தை அமாவாசை அன்று சாயங்காலம் 1,001 ரூபாய் வந்தது. பெயர் பாதியில் நிற்கிறது. நோட்டில் தேடிவிட்டேன், பழைய அட்டைகளிலும் தேடிவிட்டேன், பொருந்தவில்லை. அன்றைக்கு எந்த இல்லத்துக்காவது அப்படி அனுப்பிவிட்டு, கடிதம் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்தால், தயவு செய்து அங்கே ஒரு போன் போடுங்கள்.

– நன்கொடைப் பிரிவில் பணிபுரியும் ஒரு வாசகி, மதுரை.