மறுநாள் கிடைத்த அழைப்பு

ஆசிரியருக்கு,

நகர வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் பெயரளவுக்கு நடப்பதாக வெளியான செய்தி கண்டேன். நகர மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த 2016 முதல் 2022 வரை தமிழக நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் ஓடின. அதன் பின் வந்த பகுதி சபையிலும் பகுதிப் பிரதிநிதியை வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றமே நியமிக்கிறது. அங்கே கவுன்சிலருக்கு வேண்டியவர்கள் அமர்வதில் வியப்பென்ன?

எங்கள் பகுதிக் கூட்ட அறிவிப்பை ரேஷன் கடைச் சுவரில் நான் பார்த்தது, கூட்டம் முடிந்த மறுநாள், பசைகூடக் காயவில்லை. நன்றாயிருந்த தெருவுக்கே மீண்டும் பேவர் பிளாக் கல் பதிக்கத் தீர்மானித்திருந்தார்கள். முழங்கால் அளவு மழைநீர் நிற்கும் பின்தெரு பேச்சிலேயே இல்லை. அறிவிப்பைப் பத்து நாள் முன்னரும், தீர்மானங்களைப் பணி மதிப்பீட்டுத் தொகையுடன் கூட்டம் முடிந்த வாரத்திலும் அதே சுவரில் ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

- வார்டுவாசி ஒருவர்