சுரைப்பூ மாலையில்தான் விரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சி உறையூரில் எங்கள் மொட்டை மாடியில் சென்ற ஆடிப்பட்டத்தில் 14 பைகளில் காய்கறி போட்டேன்.

சுரைக்கொடி பந்தல் நிறையப் படர்ந்தது. பிஞ்சுகள் மட்டும் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்ந்தன. சத்து போதவில்லை என்று நினைத்து மண்புழு உரத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். பலனில்லை. பக்கத்துத் தெருப் பாட்டி பார்த்துவிட்டு, "சுரைப்பூ பொழுது சாய்ந்துதானேம்மா விரியும், நீ காலையில் வந்து என்ன தேடுற?" என்றார். மகரந்தம் சேராமல்தான் பிஞ்சுகள் உதிர்ந்தன என்று அப்போதுதான் புரிந்தது. அன்று மாலையே ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவில் தடவினேன். நாலைந்து நாளில் பிஞ்சு திரண்டுவிட்டது. அப்புறம் தினமும் மாலை அதுதான் வேலை. மொத்தம் 11 காய்கள் பறித்தோம். முதல் காய் பாட்டிக்கு.

வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளாயின. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. வந்த செடி தேறாது. பிடுங்க மனசு வராமல் விட்டுவைத்தேன், மற்றவற்றுக்கும் பரவி ஆறு செடிகளும் போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உங்கள் வேளாண் பக்கத்தில் உர அளவு ஏக்கர் கணக்கில்தான் வருகிறது. ஒரு பைக்கு எவ்வளவு என்றும் போடுங்கள். தைப்பட்டத்துக்கு முன்பே வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, உறையூர்