பக்கத்து வீட்டு ஆமிக்காரரைப் பற்றி அம்மாவுக்கு

வினிப்பெக்,
மார்கழி மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி படம் பிடித்து அனுப்பிய உங்கள் கடிதம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் பாதி எழுத்து மடிப்புக்குள் போய்விட்டது, ஆனாலும் என்ன விஷயத்துக்காக எழுதியிருக்கிறீர்கள் என்பது முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. "பக்கத்து வீட்டில ஆமிக்காரன் இருக்கானாமே, ஏன் மனே எங்களுக்குச் சொல்லல்ல?" அத்தானோடு போனில் கதைக்கும்போது போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல் உங்களிடம் இப்படி வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் பயம் எனக்கு விளங்காமல் இல்லை அம்மா. 90ஆம் ஆண்டு ஆமி வந்து சின்ன மாமாவைக் கூட்டிக்கொண்டு போனதற்குப் பிறகு, ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே அம்மம்மா விளக்கை அணைத்துவிடுவா என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அந்தப் பயத்துக்குள்தான் நானும் வளர்ந்தேன். அதனால்தான் இந்த மனிதரைப் பற்றி ஒன்றும் விடாமல் எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நான் சார்ஜன் ஐயா என்றுதான் சொல்வேன். கனடா ஆமியில் 35 வருடம் இருந்தவர். பெரிய அதிகாரி ஒன்றும் இல்லை, கடைசி வரைக்கும் கையில் சாவியும் குறடுமாக வேலை செய்த ஆள். தகப்பன் இந்த மாகாணத்திலேயே ஒரு சின்ன ஊரில் கோதுமை விதைத்தவராம், வீடு நிறையப் பிள்ளைகள், நிலம் எல்லாருக்கும் காணாது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும், வீட்டுக்கு அனுப்பலாம் என்றுதான் ஆமியில் சேர்ந்திருக்கிறார். வீரம், தேசம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. முதலில் சைப்பிரசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கிரேக்கரும் துருக்கியரும் அடிபட்டுக்கொண்ட நேரம், 1964இல் ஐ.நா. நடுவில் ஆட்களை நிறுத்தியது. கனடாக்காரர் கிட்டத்தட்ட 30 வருடம் மாறி மாறிப் போய், நீலத் தொப்பி போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவே நின்றிருக்கிறார்கள். ஆறு மாதம் அங்கே, மறுகா வீடு. திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை ஒரு சாண் வளர்ந்திருக்கும் என்று சொல்வார்.

அவருடைய வேலை தண்ணீர். ஆமியில் அப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்பதே இவரைக் கண்ட பிறகுதான் எனக்குத் தெரியும். ஆற்றுத் தண்ணீர், சேற்றுத் தண்ணீர், கடல் தண்ணீர், எதுவானாலும் ஒரு இயந்திரத்துக்குள் விட்டு, பெரிய அமுக்கத்தில் மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளிக் குடிக்கிற தண்ணீராக எடுப்பார்கள். உப்பும் கிருமியும் பின்னால் நின்றுவிடும். 94இல் ருவாண்டா அகதிகளுக்குள் கொலரா பரவியபோது கனடாக்காரர் போய்ச் சேரப் பிந்திவிட்டார்களாம். அந்தக் கவலையில் 96இல் அனர்த்த உதவிக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். இவரும் அதில் போனவர். 98இல் ஹொண்டூராஸ் புயலுக்கு, 99இல் துருக்கி பூகம்பத்துக்கு. இதற்கு மேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், குப்பை வாளியை வெளியே இழுத்துக்கொண்டு போன ஒரு காலையில், எந்த நாடு என்று கேட்டார். சிலோன் என்றேன். எந்தப் பக்கம் என்றார். இங்கே யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை, நானும் சும்மா கிழக்கு என்றேன். "அம்பாறையா?" என்றார். அவர் நாக்குக்கு அது 'அம்பாரா' என்றுதான் வரும், ஆனால் வேறு எந்த ஊராகவும் இருக்க முடியாது. வாளியை விட்டுவிட்டு நின்றேன் அம்மா. சுனாமிக்குப் பிறகு, 2005 தை மாதம், அந்தப் பிரிவு வந்தது நம்முடைய மாவட்டத்துக்குத்தான். சுமார் 200 பேர், அம்பாறைப் பக்கத்துச் சீனித் தொழிற்சாலையில் முகாம் போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 35 இலட்சம் லீட்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, 7,000 பேருக்கு மேல் மருந்து கொடுத்து, பொத்துவில் பக்கம் பாலம் போன இடத்தில் சனத்தை அக்கரைக்கு ஏற்றி இறக்கியும் இருக்கிறார்கள். அவர் கடைசியாகப் போன வெளிநாடு அதுதான்.

கிணறெல்லாம் உப்பாகிப் போனதையும், ஆட்கள் இறைத்து இறைத்துப் பார்த்துவிட்டு வாளியோடு குந்தியிருந்ததையும் அவர் சொன்னபோது எனக்கு அப்பாவின் முகம்தான் வந்தது. நம்முடைய கிணற்றை அப்பா எத்தனை தரம் இறைத்தார்! முகாமில் வெள்ளைக்காரர் தண்ணீர் கொடுத்தார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள் அல்லவா, அது எந்த நாட்டுக்காரர் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். தொப்பியில், சட்டையில் என்ன கொடி இருந்தது என்று அவருக்கு நினைவிருக்கும். சார்ஜன் ஐயா என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார்.

அவர் மனைவிக்கு இப்போது நடக்க ஏலாது. காலையில் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பது, தலை வாரிவிடுவது, கால் கழுவி எண்ணெய் பூசுவது எல்லாம் அவர்தான். நான் போயிருக்கும்போதுகூட வெட்கப்படாமல் செய்வார். 35 வருடம் அவள் தனியே வீட்டைப் பார்த்தாள், இனி என்னுடைய முறை என்றார். 1997இல் இங்கே பெரிய வெள்ளம். இந்த ஊரின் ரெட் ரிவர் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற ஆறு, மேலே தெற்கில் பனி உருகி வரும்போது வடக்கில் இன்னும் உறைந்தே கிடக்கும், தண்ணீர் போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறும். 8,000 பேருக்கு மேல் ஆமிக்காரரை இறக்கி மண்மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இவரும் முன்பின் தெரியாதவர்களின் வாசலில் மூட்டை அடுக்கிக்கொண்டு நிற்க, மனைவியும் மூன்று பிள்ளைகளும் சொந்த வீட்டு நிலவறைச் சாமான்களை இரவிரவாகத் தூக்கி மேலே ஏற்றினார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் மனைவியின் பக்கம் திரும்ப மாட்டார்.

நவம்பர் 11 இங்கே போரில் செத்தவர்களின் நாள். நெஞ்சில் சிவப்புப் பொப்பிப் பூக் குத்திக்கொண்டு, காலை 11 மணிக்கு எல்லாரும் பேசாமல் நிற்பார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் குளிரில் ஒரு அசைவில்லாமல் நின்றார். திரும்பி வரும்போது காருக்குள் சின்ன மாமாவைப் பற்றி முதன்முதலாக ஒரு அந்நிய மனிதரிடம் சொன்னேன். அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் பெயரைக் கேட்டார். நான் சொன்னதைச் சரியாக உச்சரிக்க வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அம்மா, நம் ஊரில் நான் கண்ட உடுப்புக்கும் இந்த மனிதருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இவருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை.

குளிர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மைனஸ் 30 வரைக்கும் போகிறது. இங்கே காருக்கும் இராத்திரியில் கரண்ட் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் பிடிக்காது. ஒவ்வொரு காரின் முன்னாலும் ஒரு வயர் தொங்கும். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க, கடும் குளிர் இரவில் ஒரு நூல் அளவுக்குத் திறந்து விட வேண்டும். சார்ஜன் ஐயாதான் சொல்லித்தந்தார், ஆனால் சொல்லும்போதே அவருக்கு மனம் கேட்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வாளி வைக்கச் சொல்லி, காலையில் அந்தத் தண்ணீரை என்ன செய்தாய் என்றும் கேட்பார். அவருடைய மகனின் பழைய சப்பாத்து எனக்கு அளவாக இருந்தது, அதனால் புதிது வாங்கத் தேவையில்லாமல் போனது.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. அவர் மனைவியின் ஆட்கள் உக்ரைன்காரர், உருளைக்கிழங்கு வைத்து அவிக்கிற பெரோகி என்று ஒன்று, நம்முடைய கொழுக்கட்டை மாதிரி, ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு தட்டு வரும். நான் பிட்டு அவித்து, இங்கத்தைய ஏரி மீனில் பால் விட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார், உறைப்பு என்றார். நல்ல மீன்தான், முள் குறைவு. ஆனால் கடல் வாசம் இல்லை அம்மா. எது சமைத்தாலும் அது ஒன்றுதான் இல்லை. ஆடி அமாவாசைக்குத் திருக்கோவிலில் தீர்த்தமாடிவிட்டு ஈர உடுப்போடு மணலில் இருந்து கச்சான் சாப்பிட்டோமே, நீங்கள் துவாயால் என் தலையைத் துவட்டிவிட்டீர்களே, வேலை முடிந்து விடியப்புறம் பஸ்சுக்கு நிற்கும்போது அதுதான் வருகிறது. பனி விழும்போது இங்கே ஒரு சத்தமும் இருக்காது. நம் வீட்டில் கடல் இரைந்துகொண்டே இருக்கும், அது இரைகிறது என்பதே எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. தம்பிலுவில் கண்ணகி அம்மன் சடங்கு இந்த முறை எந்தத் தேதியில் கதவு திறக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். அந்தக் கிழமை எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சரி, வீட்டு விஷயம். பாண் பக்டரியில் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், எனக்கும் ஓய்வு வேண்டியிருந்தது, நல்லதுதான். நீங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். தங்கச்சியின் வீட்டுக்குக் கூரைக் காசு தையில் பாதியும் பங்குனியில் மீதியுமாக வரும். மேசனிடம் ஒரே தடவையில் ஓட்டுக்குச் சொல்ல வேண்டாம், முதலில் மரத்தை எடுத்து வைக்கட்டும், நல்ல மரமாகப் பார்த்து அத்தான் தானே போய்த் தெரிந்தெடுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினால் வைகாசிச் சடங்கு முடியட்டும் என்று சொல்லுங்கள், அதற்கு யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அப்பாவின் முழங்கால் நோவுக்கு நான் அனுப்பிய மருந்தைச் சோறு சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் வேண்டாம்.

தம்பி வெளிநாடு வரப் போகிறேன் என்று நிற்கிறானாம், ஏஜென்சிக்காரன் கேட்ட காசுக்குச் சாகாமத்து வட்டைக் காணியை ஈடு வைக்கலாம் என்று பெரிய மாமாவும் சொல்கிறாராம். அம்மா, இதை மட்டும் செய்ய விடாதீர்கள். அவன் உயர்தரப் பரீட்சையை எழுதட்டும். தன் பிள்ளைகள் மூன்று பேரையும் சார்ஜன் ஐயா படிக்க வைத்துத்தான் வீட்டைவிட்டு அனுப்பினார், ஒருவரையும் ஆமிக்கு விடவில்லை. வர வேண்டும் என்றால் படிப்போடு வருகிற வழி இருக்கிறது, அதை நான் இங்கே விசாரிக்கிறேன். ஞாயிறு இரவு அவனைப் போனுக்குப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், நான் ஏச மாட்டேன், கதைக்கத்தான்.

காணி உறுதி இன்னும் உங்கள் பெட்டகத்தில்தானே இருக்கிறது? அதை எடுத்து அக்காவிடம் கொடுத்து வையுங்கள். பெரிய மாமா வந்து கேட்டால், மகனிடம் கேட்டுத்தான் தரலாம் என்று என் பேரில் சொல்லுங்கள். மாரிப்போகம் வெட்டியதும் நெல்லை உடனே விற்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம். மிளகாய்த்தூள் அனுப்புவதென்றால் நீங்கள் வறுத்து இடித்ததாக அனுப்புங்கள், கடைத்தூள் வேண்டாம்.

அன்பு மகன்.