துறைமுக நிலத்தில் ஜியோகேச்சிங் விளையாட எழுத்து மூலம் அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
தாராவி, சயான், வடாலா, அந்தோப் ஹில் பகுதித் தமிழ்ப் பெற்றோர்களும் இளைஞர்களும்
(கையெழுத்துகள் தனித்தாளில்)
மும்பை.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
மும்பை துறைமுக ஆணையம்,
பல்லார்ட் எஸ்டேட், மும்பை.

நகல்: துறைமுக மண்டலக் காவல் துணை ஆணையர், மும்பை.

பொருள்: பல்லார்ட் எஸ்டேட், பாவ்ச்சா தக்கா பகுதிகளில் ஜியோகேச்சிங் டப்பாக்கள் வைக்க அனுமதி கோருதல்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லார்ட் எஸ்டேட்டிலும் பாவ்ச்சா தக்கா படகுத்துறையின் பயணிகள் பகுதியிலும், பொதுமக்கள் இப்போதே தடையில்லாமல் வந்துபோகிற ஆணைய இடங்களில் மட்டும், ஜியோகேச்சிங் டப்பாக்கள் சிலவற்றை வைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். மனுவின் மராத்தி, ஆங்கிலப் படிகளையும் இணைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும் என்பதற்காக முதலில் தமிழில் எழுதினோம்.

விளையாட்டு எளிமையானது. ஒருவர் ஒரு சின்ன டப்பாவைப் பொது இடத்தில் சட்டென்று கண்ணில் படாதபடி வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் பதிவு செய்வார். மற்றவர்கள் போனில் ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கிற நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். புதையல் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு சாவிக்கொத்து, நாலு கோலிக்குண்டு, ஒரு பென்சில், அப்படித்தான் இருக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்க அரசு நிறுத்தியது. அதற்கு அடுத்த நாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை வைத்து, அதன் இருப்பிடத்தை வெளியிட்டார். இன்று இந்த விளையாட்டு உலகம் முழுக்க நடக்கிறது.

உங்களுக்கு முதலில் வரும் கவலை என்ன என்று எங்களுக்குத் தெரியும். கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்ற அறிவிப்பை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1993 குண்டுவெடிப்புகளை எங்கள் பெற்றோர் பார்த்தார்கள், 2008 நவம்பர் தாக்குதலை நாங்கள் பார்த்தோம். 2008-ல் தாக்கியவர்கள் வந்ததும் கடல் வழியாகத்தான். இந்த ஊரில் பெஞ்சுக்கு அடியில் ஒரு டப்பாவை ஒட்டிவைத்துவிட்டு "சும்மா விளையாட்டுக்கு" என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வரக்கூடாது. இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிற்றூரில் 2011-ல் ஒருவர் வைத்த டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து, தெருவை மூடி, நிபுணர்களை வரவழைத்து வெடிக்க வைத்தார்கள். அமைதியான ஊரிலேயே அந்த நிலைமை. முதலில் வைத்துவிடலாம், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களில் சில பையன்களும் சொன்னார்கள். அது வேண்டாம் என்று முடிவு செய்துதான் உங்களிடம் வந்திருக்கிறோம். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது இந்த விளையாட்டின் சொந்த விதியும்கூட. குழி தோண்டிப் புதைக்கக் கூடாது, உணவுப் பொருள், கத்தி, மது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

எனவே டப்பா ஒவ்வொன்றும் கையில் அடங்கும் அளவில், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இருக்கும். மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் என்ன பொருள், யார் பொறுப்பு, எந்த போன் எண் என்று ஒட்டியிருப்போம். எங்கே இருக்கிறது என்று போட்டோவுடன் ஒரு தாள் காவல் நிலையத்திலும் வாசலில் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரிடமும் இருக்கும். எந்த நாளிலும் ஒரு போன் வந்தால் நாங்களே வந்து எடுத்துவிடுவோம். ஊரெல்லாம் டப்பாவாகிவிடும் என்ற பயமும் வேண்டாம். இரண்டு டப்பாக்களுக்கு இடையே 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பல்லார்ட் எஸ்டேட் மொத்தமே 22 ஏக்கர். விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மேல் அங்கே இடமே கிடையாது.

சரி, இத்தனை ஏற்பாடு செய்து துறைமுகத்தில்தான் விளையாட வேண்டுமா, தோட்டம், மைதானம் இல்லையா என்று கேட்கலாம். எங்களில் பலர் தினமும் ஹார்பர் லைனில் போகிறவர்கள். வடாலா தாண்டி சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்று துறைமுக நிலத்தை ஒட்டியே ரயில் ஓடுகிறது. ஜன்னலில் தெரிவது மதில், கிடங்கு, தகரக் கூரை. எங்கள் தாத்தாக்களில் சிலர் கோதியில், அதாவது கப்பல்துறையில், மூட்டை சுமந்தவர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் கடல் இருப்பதே மேப்பில் பார்த்தால்தான் தெரிகிறது. இப்போது கிழக்குக் கரையை மக்களுக்குத் திறப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. பாவ்ச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் காரை ஏற்றிக்கொண்டு கப்பல் போகிறது, சிவ்ரியிலிருந்து 2024-ல் அடல் சேது கடல் பாலம் திறந்தது. (மறுசீரமைப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே தாராவிக்காரர்களுக்கு வேறு கவலைகள் வரும். அதை இந்த மனுவில் கலக்கவில்லை.) இடத்தைத் திறப்பது ஒன்று, அங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரிவது இன்னொன்று.

பார்க்க எவ்வளவோ இருக்கிறது. இந்திரா டாக் என்ற கப்பல்துறையை (அன்றைய பெயர் அலெக்சாண்ட்ரா டாக்) தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்ததுதான் பல்லார்ட் எஸ்டேட். கட்டிடங்களை ஒரே சாயலில் அமைத்தவர் ஜார்ஜ் விட்டெட், கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த அதே மனிதர். கப்பலில் வந்து இறங்கியவர்கள் அப்படியே பெஷாவர் ரயில் ஏறிய பல்லார்ட் பியர் மோல் நிலையம் இங்கேதான் இருந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் கப்பலில் பஞ்சுப் பொதியும் சுமார் 1,400 டன் வெடிபொருளும் சேர்ந்தே இருந்தன. தீ பிடித்தது, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு முறை வெடித்தது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி வரை அதிர்வு போனது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்களும் அதில் அடக்கம். நாடு முழுவதும் ஏப்ரல் 14 தீயணைப்புப் படை நாளாக இருப்பது இதனால்தான். கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. அவை நகரத்தின் மேல் பறந்து விழுந்தன. அப்புறம் பல ஆண்டுகள் கழித்துத் தூர்வாரும்போதும் சில கிடைத்தன. உண்மையிலேயே தங்கம் தேடிய துறைமுகம் உலகில் வேறு எத்தனை இருக்கும்? ஆனால் எங்கள் பக்கத்து மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டிலிருந்து அந்த இடம் ஒரு ரயில் டிக்கெட் தூரம்.

இந்த விளையாட்டில் 'மல்டி' என்று ஒரு வகை உண்டு, நாங்கள் முக்கியமாக வைக்க நினைப்பது அதைத்தான். நாங்கள் வைப்பதில் வழியில் டப்பாவே இருக்காது. போர் நினைவுத் தூணில் பொறித்த ஆண்டு என்ன, இந்தக் கட்டிடத்தின் முகப்பில் எத்தனை வளைவு என்று கேள்விகள் இருக்கும். பதில்தான் அடுத்த இடத்தின் எண்ணைத் தரும். எல்லாப் பதிலும் சேர்ந்த பிறகு கடைசி இடத்தில் ஒரே ஒரு டப்பா. காவல் அதிகம் உள்ள இடத்தின் கதையையும் மதிலுக்கு வெளியே நின்று சொல்லிவிடலாம், யாரும் உள்ளே வர வேண்டியதில்லை. கேள்விகளை மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் எழுதுவோம். வரலாற்றுத் தகவல்களை வெளியிடும் முன் ஆணையத்தின் ஆவணங்களோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்துத் தந்தால் பெரிய உதவி.

அனுமதியை ஆறு மாதத்துக்கு, சோதனையாகத் தந்தால் போதும். வைக்கக் கூடாத இடங்களின் பட்டியலை ஆணையமே முதலில் தரட்டும், அதற்கு வெளியேதான் நாங்கள் இடம் பார்ப்போம். பேசுவதற்கு ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும். இது எங்களுக்கு மிக முக்கியம், ஏனென்றால் பூநாரைகள் போல் பருவத்துக்குப் பருவம் அதிகாரிகள் மாறினால் தாள் எந்த மேஜையில் இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். தேடும் நேரம் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை என்று பதிவிலேயே போடுவோம். சிவ்ரி சேற்று நிலத்திலும் அலையாத்திக் காட்டிலும் எதையும் வைக்க மாட்டோம். நடைபாதை, விளக்குக் கம்பம் ஏதாவது மாநகராட்சியின் பொறுப்பில் இருந்தால் சொல்லுங்கள், அங்கே தனியாக மனுக் கொடுக்கிறோம்.

டப்பாவே கூடாது என்று பாதுகாப்புத் தரப்பு சொன்னால், கேள்வி மட்டும் உள்ள பாதைக்காவது சம்மதம் தர வேண்டும். கடைசி டப்பாவைத் துறைமுக நிலத்துக்கு வெளியே, வேறொருவர் அனுமதியுடன் வைத்துக்கொள்வோம். மாதிரி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து காட்ட, ஆணையம் சொல்லும் நாளில் எங்களில் மூவர் அலுவலகத்துக்கு வரத் தயார். வேலை நாளாக இருந்தால் மூன்று நாள் முன்னதாகத் தெரிவித்தால் லீவு போட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையெழுத்திட்ட குடியிருப்பாளர்கள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், மராத்தி மற்றும் ஆங்கிலப் படிகள், டப்பாவின் போட்டோவும் அதில் ஒட்டும் வாசகமும், உத்தேசப் பாதையின் வரைபடம்.